சேலத்து வீட்டில் கிளவுன் டிரிக்கர் வளர்ப்பு: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கரிய உடலின் அடிப்பகுதியில் பெரிய வெண்வட்டங்களும் வாயைச் சுற்றி மஞ்சள் நிறமும் கொண்ட கிளவுன் டிரிக்கர், நம் மீனவர்கள் கிளாத்தி என்று அழைக்கும் மீன்வகையைச் சேர்ந்தது. கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக இருக்கும் இம்மீன் 50 செ.மீ. வரை வளரக்கூடியது, பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது, கடல் முள்ளெலியின் ஓட்டையும் உடைத்துத் தின்னும் பற்களை உடையது. ஆகவே வளர்ந்த மீனை மனத்தில் வைத்தே தொட்டியை அமைக்க வேண்டும்.

முதற்படி: தொட்டி

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டியே தொடக்க அளவு. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 680 லிட்டர். வளர்ந்த மீன் தடையின்றித் திரும்புவதற்கு 3 அடி அகலம் இருந்தால் மிக நல்லது. நீர், கண்ணாடி, பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்து ஒரு டன்னை நெருங்கும் என்பதால் தரைத்தளத்திலேயே வையுங்கள். இவ்வளவு இடம் இல்லாதவர்கள் இம்மீனை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பாறைகளை மணலின் மேல் அடுக்கக் கூடாது. டிரிக்கர் மணலைத் தோண்டும், கற்களையும் வாயால் நகர்த்தும். எனவே அவற்றை அடிக்கண்ணாடியில் நேராக அமர்த்தி, எப்பாக்சிப் பசையால் ஒட்டிய பின் மணலைப் பரப்புங்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை என்பதால், பவளம் ஒட்டிய பாறையை யார் விற்றாலும் வாங்காமல் செயற்கைப் பாறையையே பயன்படுத்துங்கள்.

இரண்டாம் படி: கடல்நீர்

சேலத்தில் கடல்நீரை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். குழாய்நீரில் குளோரின் இருக்கும், ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, ஆகையால் ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்திகரித்த நீரில், லிட்டருக்கு 35 கிராம் வீதம் மீன்தொட்டிக்கான கடலுப்புக் கலவையைக் கரையுங்கள். 600 லிட்டர் நீருக்கு 21 கிலோ தேவைப்படும். சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. நீரின் உப்படர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை காட்ட வேண்டும்.

பிறகு சம்ப் தொட்டி (பெரிய தொட்டியோடு இணைந்து நீரை வடிகட்டும் துணைத்தொட்டி), புரோட்டீன் ஸ்கிம்மர் (நுரையின் மூலம் கழிவை நீக்கும் கருவி), பம்பு ஆகியவற்றை இயக்கி, சிறிதளவு அம்மோனியா சேர்த்துக் காத்திருங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகும் வரை மீனை விடக் கூடாது.

மூன்றாம் படி: வெப்பம்

நம் ஊரில் இம்மீன் வளர்ப்பின் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் இதுவே முடிவு செய்கிறது. நீர் 24 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். சேலத்திலோ ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. வெதுவெதுப்பான உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், அதே நேரத்தில் மீனுக்கோ கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும் என்பதால் ஒரே பிற்பகலில் மீன் இறந்துபோகலாம். சேலத்து உலர்ந்த காற்றில் நீர்ப்பரப்பின் மேல் வைக்கும் மின்விசிறி ஆவியாதலின் மூலம் நீரைச் சில டிகிரி குளிரவைக்கும். ஆவியான அளவை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. ஆயினும் கோடையின் உச்சத்தில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இன்றியமையாதது. அது வெளியேற்றும் அனல் அதே அறையில் தங்காதவாறு பொருத்துங்கள். மின்தடையின்போது பம்பாவது ஓடும்படி இன்வெர்ட்டர் இணைப்பும் வேண்டும்.

ஏற்காட்டில் இருப்பவர்களின் நிலை வேறு. அங்கே குளிர்கால இரவுகளுக்கு ஹீட்டர் தேவை. மேலும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், நீரில் கரையும் ஆக்சிஜனும் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறையும். நீர்ப்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டிருக்குமாறு, அலையை உண்டாக்கும் வேவ்மேக்கரை அமையுங்கள். ஹீட்டரை எங்கும் சம்ப் தொட்டிக்குள்தான் வைக்க வேண்டும். டிரிக்கர் மின்கம்பியையும் கடிக்கும்.

நான்காம் படி: மீனைக் கொண்டுவருதல்

நெடுந்தொலைவு பயணம் செய்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்து நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) குறைவதால் அந்த அம்மோனியா அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை; பையைத் திறந்ததும் பி.எச். உயர்ந்து நஞ்சாகிறது. எனவே பையின் நீரடர்த்தியைக் கடைக்காரரிடம் முன்பே கேட்டு, புதிய மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியை அதே அடர்த்தியில் ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பைநீரைச் சேர்க்காமல் மீனை மட்டும் மாற்றுங்கள். வலையைப் பயன்படுத்த வேண்டாம்: முதுகிலுள்ள முதல் முள்ளை விரித்து, இரண்டாம் முள்ளால் அதைப் பூட்டிக்கொள்ளும் மீன் இது, வலையில் சிக்கிக் காயப்படும். அகன்ற பிளாஸ்டிக் டப்பாவே போதும். உடலில் வெண்புள்ளி நோய் தோன்றுகிறதா என்று நான்கு வாரமாவது கவனித்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள். இது துணையின்றித் தனியாகவே வாழட்டும். இளமையில் அமைதியாக இருந்தாலும், வளர்ந்த பின் உடன் வாழும் மீன்களைக் கடித்துக் கொல்லும்.

ஐந்தாம் படி: உணவும் பராமரிப்பும்

மீன் அங்காடியில் கிடைக்கும் கடல் இறால், கணவாய், மட்டி, நண்டு ஆகியவற்றைக் கழுவி உறையவைத்து, மாற்றி மாற்றிக் கொடுங்கள். பற்கள் ஓயாமல் வளர்பவை என்பதால், தேய்வதற்கு ஓட்டோடு கூடிய மட்டி வாரம் ஓரிரு முறை அவசியம். குஞ்சுக்கு நாளுக்கு இருமுறையும், வளர்ந்த மீனுக்கு ஒருமுறையும் போதும்; நீண்ட இடுக்கியால் மட்டுமே ஊட்டுங்கள், விரலைக் கடித்தால் ஆழமான காயம் உண்டாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். அப்போது கையை உள்ளே விட நேர்ந்தால், துளையிட்ட அக்ரிலிக் தடுப்பால் மீனை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.