“இன்னும் சாப்பிடுகிறதே!” – முதுமையிலும் நோயிலும் வாடும் செல்லப்பிராணியின் நிலையைக் கணிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் நாய்க்கு 13 வயது நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் அவன் நிற்கும் விதம் மாறியது. முன்னங்கால்களை அகல விரிப்பான், தலையைப் பாதி இறக்குவான், கொஞ்சம் நிற்பான், பிறகுதான் வாய் தண்ணீரைத் தொடும். குடித்து முடிக்கும் தறுவாயில் ஒரு பின்னங்கால் தரையில் மெல்ல வழுக்கும். அதை இழுத்துச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து வாலாட்டுவான். நான் அந்த வாலை மட்டுமே பார்த்தேன், ஏறக்குறைய நான்கு மாதங்கள். மருத்துவர் சொல்லி வலிமருந்து தொடங்கிய இரண்டாவது வாரம், கதவு திறக்கும் சத்தம் கேட்டு அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். அவன் அப்படி வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்பு குறைவானவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொள்கிறவர்களே செய்யும் தவறுகள் இவை. பெரும்பாலும் ஒரு சின்ன வாக்கியமாக நம் வாயிலிருந்து வருகின்றன.

“அழவே இல்லையே, வலி இருக்காது”

திடீரென்று காலை மிதித்துவிட்டால் நாய் கத்தும். மாதக்கணக்கில் மூட்டில் இருக்கும் வலிக்கு எந்த நாயும் கத்திக்கொண்டிருப்பதில்லை, பூனை சுத்தமாக வாயே திறக்காது. நாள்பட்ட வலி சத்தமாக வெளிப்படாமல், நின்றுபோன பழக்கங்களாக வெளிப்படும். எனவே “என்ன செய்கிறது?” என்று பார்ப்பதைவிட “எதைச் செய்வதை விட்டுவிட்டது?” என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும்.

பூனையிடம் இது இன்னும் கடினம். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. ஆனால் நொண்டுகிற கிழட்டுப் பூனையை நாம் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். ஒரே தாவலில் ஜன்னல் திட்டுக்கு ஏறிய பூனை, முதலில் நாற்காலி, பிறகு மேசை, பிறகு திட்டு என்று படிப்படியாக ஏறும். சில மாதங்களில் திட்டையே மறந்துவிடும். “இப்போதெல்லாம் ரொம்ப சாதுவாகிவிட்டது” என்று நாம் பெருமைப்படுவோம். இடுப்புப் பக்கம் உடலை வளைத்து நக்க முடியாததால் முதுகின் பின்பாதியில் ரோமம் சிக்குப் பிடிக்கும். கழிவுப் பெட்டியின் விளிம்பு உயரமாகத் தெரிவதால் அதன் பக்கத்திலேயே போய்விட்டு வரும். இதைத் திமிர் என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டாலே சில வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடும்.

மடியில் படுத்துக் குறுகுறுவென்று ஒலி எழுப்புகிறதே என்பதும் வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது. கடும் வலியிலும் பூனை அப்படி ஒலி எழுப்பும். முகத்தைப் பாருங்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பூனையின் முகத்தை வைத்தே வலியைக் கணிக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை இருக்கும் நிலை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநிவாரணம் தேவைப்படலாம் என்று பொருள். திடீர் வலிக்காக உருவாக்கப்பட்ட அளவுகோல் இது என்றாலும், பாதி மூடிய கண்ணையும் பக்கவாட்டில் சாய்ந்த காதையும் ஒருமுறை கவனிக்கப் பழகிவிட்டால், பிறகு அவை தானாகவே கண்ணில் படும்.

வலி இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் இருக்கும் மாத்திரையை எடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கும், ஏனெனில் அதைச் செரித்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஐபுபுரோஃபென் நாய், பூனை இரண்டுக்குமே ஆபத்து. அவற்றுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் தரட்டும்.

“இன்னும் சாப்பிடுகிறதே”

நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான். சொல்பவரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியைக் கலைக்க மனம் வராது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். சில நாய்கள், அதிலும் சாப்பாட்டின் மேல் உயிரையே வைத்திருக்கும் இனங்கள், கடும் வலியிலும் தட்டைக் காலி செய்யும். பசி என்பது பல அடையாளங்களில் ஒன்று மட்டுமே.

தட்டு காலியாகிறதா என்பதோடு, எப்படிக் காலியாகிறது என்பதையும் பாருங்கள். வாயில் எடுத்த உணவு கீழே விழுகிறதா? ஒரே பக்கமாக மெல்லுகிறதா? பல்லிலோ ஈறிலோ சிக்கல் இருக்கலாம். ஆவலோடு ஓடி வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போகிறதா? அது பசியின்மையாக இல்லாமல் குமட்டலாக இருக்கக்கூடும், சிறுநீரக நோயில் இது சாதாரணம். குமட்டலுக்கு மருந்து உண்டு. அதாவது சாப்பிடுவது எல்லாம் நலம் என்பதற்கான அத்தாட்சியாகாது. சாப்பிடாமல் இருப்பது முடிவு வந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பும் ஆகாது. ஆனால் பூனை இரண்டு நாள் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் காத்திருக்க வேண்டாம். உடலின் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி, அதுவே தனி நோயாகிவிடும். பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

எடையும் ஏமாற்றும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் எடைக்கருவி அதே எண்ணையே காட்டும். முதுகெலும்பையும் தொடையையும் கையால் தடவிப் பாருங்கள்.

“வயதாகிவிட்டது, அவ்வளவுதான்”

முதுமை நோயின் பெயர் அல்ல. இரவில் வீடு முழுக்கக் கத்திக்கொண்டே சுற்றும் கிழட்டுப் பூனைக்குத் தைராய்டு சுரப்பு மிகுந்திருக்கலாம், இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். இரண்டையும் மருந்தால் கட்டுப்படுத்தலாம். மூலையில் போய் நின்றுகொண்டு வெளியே வரத் தெரியாமல் திகைக்கும் நாய்க்கு, மனிதரின் முதுமை மறதி போன்ற மூளைத் தளர்ச்சி தொடங்கியிருக்கலாம். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 11–12 வயது நாய்களில் 28 சதவீதமும் 15–16 வயது நாய்களில் 68 சதவீதமும் இதன் ஓர் அறிகுறியையாவது காட்டின. இது முற்றிலும் குணமாவதில்லை என்றாலும், இரவில் ஒரு சிறு விளக்கு, தட்டுமுட்டுச் சாமான்களை இடம் மாற்றாமல் வைத்திருப்பது, மருத்துவர் தரும் மருந்து ஆகியவை சேர்ந்து அதன் நாட்களை எளிதாக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மனதை அறுப்பது. ஒரு காலை, வயதான நாய் எழ முயன்று சரிந்து விழுகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, விழிகள் இடமும் வலமும் துடிக்கின்றன, வாந்தி வேறு. பக்கவாதம் வந்துவிட்டது, இனி சித்திரவதை வேண்டாம் என்று வீடே முடிவு செய்துவிடும். ஆனால் உட்காதிலுள்ள சமநிலை உறுப்பின் கோளாறும் பெரும்பாலும் இப்படித்தான் வரும். காரணம் புலப்படாமல் வயதான நாய்களுக்கு வரும் வகை இரண்டு மூன்று நாட்களில் தணியத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் பெருமளவு சரியாகிவிடும். தலைச்சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கலாம். மூளையிலேயே சிக்கல் இருந்தாலும் இதே தோற்றம் வரும் என்பதால் பரிசோதனை கட்டாயம். ஆனால் அந்த முதல் நாளில், அந்தப் பதற்றத்தில், உயிரைப் பற்றிய முடிவை எடுக்காதீர்கள்.

“மதிப்பெண் போட்டேன், 40 வந்தது”

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது – ஆக ஏழு. ஒவ்வொன்றுக்கும் 10 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் வாழ்நிலை ஏற்கத்தக்கது என்பது பொது அளவு. நல்ல கருவி, நானும் பயன்படுத்தினேன். ஆனால் பள்ளித் தேர்வுபோல 35 வாங்கினால் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வது பெரிய பிழை. நன்றாகச் சாப்பிட்டு, சுத்தமாக இருந்து, நடந்தும் திரிகிற நாய்க்கு 40 வந்துவிடும். அதே நாய் மூச்சுக்குத் திணறிக்கொண்டு, படுக்க முடியாமல், கழுத்தை நீட்டி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தால் அந்த 40க்கு மதிப்பே இல்லை. வில்லலோபோஸும் மூச்சு விடும் சிரமத்தை வலியோடு சேர்த்து முதலிடத்தில் வைத்திருக்கிறார். இதய நோய் இருந்தால், அது ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரை அழையுங்கள்.

இன்னொரு பக்கம், நடமாட்டத்துக்கு 2 மட்டுமே வாங்கும் நாய், தூக்கிச் செல்ல ஆள் இருந்தால், வெயிலில் படுத்துத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிறைவாக இருக்க முடியும். மூன்று காலில் துள்ளி ஓடும் நாய்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு செய்வதும் தவறுதான். நேற்று மோசம் என்று உடைந்துபோவோம், இன்று பந்தைத் துரத்தியது என்று எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். நாட்காட்டியில் இரவு படுக்கும் முன் ஒரு குறி போடுங்கள், நல்ல நாளா, கெட்ட நாளா என்று. எது நல்ல நாள் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். அதற்கே உரிய மூன்று நான்கு பிரியங்களைப் பட்டியலிடுங்கள். எங்கள் நாய்க்கு அவை: வாசலில் வந்து நிற்பது, மழைக்கு முன் மூக்கைத் தூக்கி முகர்வது, என் செருப்பைத் தன் படுக்கைக்குத் தூக்கிப் போவது. செருப்பு தொடர்ந்து 11 நாட்கள் வாசலிலேயே கிடந்தது என்பதை நாட்காட்டிதான் எனக்குக் காட்டியது, என் மனம் அதைக் காட்டவில்லை. வீட்டில் இருவர் இருந்தால் தனித்தனியாகக் குறியுங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மெல்லத் தேய்வது தெரியாது, எனவே ஆறு மாதத்துக்கு முந்தைய வீடியோ ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

“தூக்கத்திலேயே தானாகப் போய்விடட்டும்”

எல்லோரும் விரும்புவது இதைத்தான், நானும் விரும்பினேன். ஆனால் சிறுநீரகம் செயலிழப்பதும் நுரையீரலில் நீர் கோப்பதும் அமைதியான தூக்கமாக முடிவது அரிது. பல நாள் குமட்டலாக, திணறலாக, வலிப்பாக முடிவதே அதிகம். கருணைக்கொலை என்ற சொல்லில் உள்ள ‘கொலை’ பலரைத் தடுத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு, “இன்னும் ஒரு வாரம் யாருக்காக?” என்று கேட்டுப் பாருங்கள். விடை ‘எனக்காக’ என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம், ஆனால் அதை விடையாக ஒப்புக்கொள்ளுங்கள். அதேபோல், நீங்கள் தூக்கமின்றித் தளர்ந்துபோயிருப்பதும் உண்மைதான், அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உங்கள் களைப்பையும் அதன் துன்பத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, முதலில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

முடிவை நள்ளிரவு அவசரத்துக்கு ஒத்திவைப்பதுதான் கடைசித் தவறு. உங்கள் செல்லப்பிராணி தெளிவாக இருக்கும் ஒரு பகலில் மருத்துவரிடம் கேளுங்கள்: இந்த நோய் எப்படி முடியும், எந்த அடையாளம் வந்தால் இனி தாமதிக்கக் கூடாது, நேரம் கடந்தபின் யாரை அழைப்பது, வீட்டுக்கே வருவீர்களா. பெரும்பாலும் முதலில் மயக்க மருந்து தருவார்கள், பிறகு அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்தை இரத்தக்குழாயில் செலுத்துவார்கள். சில வினாடிகளில் நினைவு போய்விடும். அதன் பிறகு ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம், அது வலியால் அல்ல. கண்கள் தாமாக மூடாது. முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. காதுக்குப் பின்னால் அவனுக்குப் பிடித்த இடத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.