மாலை ஆறு மணிக்கு ஐஸ் கம்பெனி கம்ப்ரஸரை நிறுத்துவது எப்படி

தூத்துக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாக ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். மாலை 6 முதல் 10 வரை எங்கள் பெரிய கம்ப்ரஸர்கள் இரண்டும் ஓடாது. ஆனாலும் விடியற்காலையில் படகுக்குப் போகும் ஐஸ் ஒரு பார்கூட (ஒரு ஐஸ் கட்டிகூட) குறைவதில்லை. எப்படி என்று கேட்கும் தொழில்காரர்களுக்காக எழுதுகிறேன்.

ஏன் அந்த நான்கு மணி நேரம்? மதியம் சோலார் கரண்ட் கொட்டுகிறது. ஆடிக் காற்றில் கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகளும் சேர்ந்தால் எடுக்க ஆளில்லாமல் காற்றாலையை நிறுத்தச் சொல்வதும் உண்டு. பொழுது சாய்ந்ததும் சோலார் அடங்கிவிடும், வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏறும். மின்சந்தையில் யூனிட் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவது பெரும்பாலும் அப்போதுதான். அந்த நேரத்தில் நாம் சும்மா இருந்தாலே பெரிய உதவி.

பில்லிலும் அது தெரியும். தமிழ்நாட்டின் 2022 மின்கட்டண ஆணைப்படி ஹெச்.டி. (உயர் அழுத்த இணைப்பு) தொழிற்சாலைகளுக்குக் காலை 6–10, மாலை 6–10 யூனிட் கட்டணத்தில் 25% கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5% தள்ளுபடி.

நம்மிடம் பேட்டரி இல்லை, பிரைன் டேங்க், அதாவது ஐஸை உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீரில் குளிரைச் சேர்த்து வைக்கலாம். நாங்கள் பிற்பகல் இரண்டு மணியிலிருந்தே இரண்டு கம்ப்ரஸரையும் விடாமல் ஓட்டி, 6 மணிக்குள் பிரைனை மைனஸ் 12 டிகிரிக்கு இறக்கிவிடுவோம். 5:45-க்கு ஆபரேட்டர் ரிசீவரின் (குளிரூட்டும் அம்மோனியா தங்கும் கலன்) லிக்விட் வால்வை மூடி, அம்மோனியாவை அதற்குள் இழுத்த பிறகுதான் கம்ப்ரஸரை நிறுத்துவார். நேரடியாக சுவிட்சை அணைக்கக் கூடாது. பிரைனைக் கலக்கிவிடும் அஜிடேட்டர் மட்டும் ஓடட்டும். அது சின்ன மோட்டார்தான். நின்றுவிட்டால் டேங்கின் ஒரு மூலையில் குளிரும் இன்னொரு மூலையில் சூடும் தங்கிவிடும்.

இரவு பத்து மணிக்குப் பார்த்தால் பிரைன் மைனஸ் 7-ல் நிற்கும். பார் உறைவது கொஞ்சம் மெதுவாகும், நிற்காது.

இதில் பலர் தவறவிடுவது கேன் (பார் உறையும் அச்சு) நிரப்பும் நேரத்தை. 28 டிகிரி தண்ணீரைக் கேனில் பிடித்து டேங்கில் இறக்கினால் சேர்த்து வைத்த குளிரெல்லாம் அதற்கே போய்விடும். அதனால் பிற்பகல் 3 மணிக்கு மேல் எங்களிடம் ஒரு கேனும் இறங்காது. காலையில் பார்களை எடுத்து ஐஸ் ரூமில் அடுக்கிவிட்டு, பத்து மணிக்கு மேல்தான் புதுத் தண்ணீர் பிடிக்கிறோம். காலைப் பீக்கில், அதாவது கட்டணம் கூடும் 6–10-ல், ஒரு கம்ப்ரஸரை மட்டும் நிறுத்துகிறோம். இரண்டையும் நிறுத்தினால் எங்கள் உற்பத்திக்குத் தாங்காது.

அப்புறம் திரும்ப ஓட்டுவது. முதல் மாதம் இரவு பத்து மணி அடித்ததும் இரண்டையும் சேர்த்துப் போட்டோம், போர் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. பிரைன் சூடாக இருக்கும்போது கம்ப்ரஸர் வழக்கத்தைவிட அதிக லோடு இழுக்கும். மேக்ஸிமம் டிமாண்ட் (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச லோடு) அனுமதித்த அளவைத் தாண்டி, அந்த மாதம் மிச்சப்படுத்தியதில் பாதி அபராதமாகப் போயிற்று. இப்போது ஒன்று 10:05-க்கு, அடுத்தது 10:45-க்கு. ஐஸ் உடைக்கும் மிஷினும் போர் மோட்டாரும் பதினொன்றரைக்கு மேல்தான்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 யூனிட் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 400 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் பீக் கூடுதல் 1.75 ரூபாய். அந்த ஓட்டத்தைப் பகலுக்கு மாற்றினால் ஒரு மாலைக்கு 700 ரூபாய் மிச்சம். இரவுக்கு மாற்றினால் தள்ளுபடியும் சேர்ந்து 840.

ஆனாலும் நான் பகலில்தான் ஓட்டுகிறேன். பிரைன் 6 மணிக்கு முன்பே குளிர்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. வீணாகப் போகும் வெயில் கரண்டை எடுக்க வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. சோலார் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20% குறைவாக இருக்க வேண்டும் என்று 2023-லேயே மத்திய அரசு விதி போட்டது. அது ஒவ்வொரு ஐஸ் கம்பெனி பில்லிலும் வந்தே ஆக வேண்டும், அதற்காக நம் சங்கங்கள் கேட்கவும் வேண்டும்.

பழக ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆர்டர் குறைவு, படகுக்காரர் அவசரப்படுத்த மாட்டார். முதல் வாரம் ஒரு கம்ப்ரஸரை ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை டேங்கின் இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் பாரை உடைத்து நடுவில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அடுத்த வாரம் இரண்டு மணி நேரம்.