பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்

போன வாரம் சித்தப்பா மகன் ஒரு பழைய கார் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். இறங்கியதும் டயரை ஓர் உதை உதைத்தான். பானெட்டைத் திறந்து எஞ்சினை உற்றுப் பார்த்தான். எதைப் பார்க்கிறான் என்று அவனுக்கும் தெரியாது, எஞ்சினுக்கும் தெரியாது. அப்புறம் உள்ளே உட்கார்ந்து பாட்டுப் போட்டான், ஏசியை முழுசாகத் திருகினான், கண்ணாடிகளை ஏற்றி இறக்கினான். "நல்லா இருக்குண்ணா" என்றான். என்னால் சிரிக்க முடியவில்லை. முதல் கார் வாங்கப் போனபோது நானும் இதையேதான் செய்தேன், அந்த உதை உட்பட.

அதற்குப் பிறகு எனக்கென்று நான்கு பழைய கார்கள் வாங்கியிருக்கிறேன். நண்பர்களுக்காகப் பார்த்துக் கொடுத்தவற்றுக்குக் கணக்கில்லை. பத்திரங்களைச் சரிபாருங்கள், இருட்டில் பார்க்காதீர்கள், விற்பவர் அவசரப்படுத்தினால் நழுவிவிடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சூடான எஞ்சினைப் பார்த்துவிட்டுச் சரி என்பது

என் இரண்டாவது காரைப் பார்க்கப் போனபோது அது ஓடிக்கொண்டே நின்றது. "வெயில்ல வர்றீங்களேன்னு ஏசி போட்டு வெச்சேன்" என்றார் விற்பவர். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நன்றி வேறு சொன்னேன். போன பணத்தைக்கூட மறந்துவிட்டேன். அந்த நன்றிதான் இன்னும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் அன்றைக்கு நான் ஏனோதானோ என்று பார்க்கவில்லை. கையில் டார்ச், பையில் காந்தம், இரண்டு மணி நேரம். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எஞ்சின் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. ஓட்டிப் பார்த்தேன், இழுவை பிரமாதம். பணத்தைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினால் ஒரு சத்தம் வருமே, அது எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து வந்தது. ஆறேழு வினாடிதான். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோலப் பழைய தையல் மெஷின். புது இடம், இரவுக் குளிர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் அந்தச் சத்தம் அரை நிமிடம் நீடித்தது. மெக்கானிக் கேட்டுவிட்டு, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் நீண்டுவிட்டது, டென்ஷனரும் போய்விட்டது என்றார். எஞ்சினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டியிருந்தது. கார் வாங்கிய விலையில் கிட்டத்தட்ட கால்வாசி அதற்கே போனது. "முதல் ஸ்டார்ட்ல கேக்கலையா சார்?" என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் எளிமையானதுதான். எஞ்சின் இரவு முழுக்க நின்றால் மேலே இருக்கும் ஆயில் வடிந்து அடித்தொட்டிக்குப் போய்விடும். பல எஞ்சின்களில் டைமிங் செயினை இழுத்துப் பிடித்திருக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறும்வரை, தேய்ந்துபோன செயின் தளர்ந்து அடித்துக்கொள்ளும். அரைமணி நேரத்துக்கு முன்புவரை ஓடிய எஞ்சினில் ஆயில் இன்னும் மேலேயே இருக்கும், அதனால் சத்தமே வராது. ஆக, அந்த மனிதர் எனக்காக ஏசி போடவில்லை, அந்த ஆறேழு வினாடியை மறைக்கத்தான் போட்டிருக்கிறார்.

இது செயினோடு முடிகிற விஷயம் இல்லை. வால்வு சீல்கள் தேய்ந்திருந்தால் இரவில் ஆயில் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து நீலப்புகை ஒருமுறை குப்பென்று வந்து அடங்கிவிடும். எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட்டில் கசிவு இருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி, முதல் சில வினாடிகள் எஞ்சின் திக்கித்திக்கி ஓடும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே தேய்மானம் இருந்தால் குளிர்ந்த நிலையில் லொடலொடக்கும். சூடாகி உலோகம் விரிந்ததும் வாயை மூடிக்கொள்ளும். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி, டீசல் வண்டியில் ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் வேலை செய்யாதது எல்லாம் சற்றுமுன் ஓடிய வண்டியில் தெரியவே தெரியாது.

அதனால் போனில் பேசும்போதே "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போய் இறங்கியதும் டயரை விட்டுவிட்டு பானெட்டில் கையை வையுங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் பானெட் எப்படியும் சுடும். அப்போது அதைத் திறந்து எஞ்சினுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். தொடாமலே வெக்கை தெரிந்துவிடும்.

சூடாக இருந்தால் விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தம் இல்லை. நிஜமாகவே எங்காவது போய்விட்டு வந்திருக்கலாம். சண்டை போடாமல் "நாளைக்குக் காலையில வர்றேன், அதுவரைக்கும் எடுக்காம இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வண்டியில் குறை இல்லாதவர் சரி என்பார். "வேற பார்ட்டி வருது" என்று முகத்தைத் திருப்பினால், அந்த வேறு பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

குளிர்ந்த எஞ்சினில் இன்னொரு லாபமும் உண்டு. ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் தொட்டியின் மூடியையோ ஆபத்தில்லாமல் திறக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும். திறந்து பாருங்கள்: ஆயில் படலம் மிதந்தால் நல்லதில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தாலும் கவனிக்க வேண்டும். ஆனால் குட்டிக்குட்டித் தூரம் மட்டும் ஓடிய வண்டியில் ஈரம் சேர்ந்தும் அது கொஞ்சம் வரும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் உள்ளே இருங்கள், கூட வந்தவர் சைலன்சருக்குப் பின்னால் நிற்கட்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. குளிரான காலையில் வெண்புகை வந்து சில நிமிடங்களில் மறைந்தால் அது வெறும் நீராவி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், லேசாக இனிப்பு வாசனையும் அடித்தால் கூலன்ட் எரிகிறது. அந்த வண்டி வேண்டாம்.

எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று மகிழ்வது

எரியாமல் இருப்பதுதான் சில வண்டிகளில் பிரச்சினையே. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால் எஞ்சின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும்; பிறகு சில தாமாகவே, மற்றவை எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். இதில் ஏதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம். ஒரு காரில் மீட்டர் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது ஏர்பேக் விளக்குக்குப் பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

சிலர் காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் கொண்டுவந்து மாட்டி, 'பிழை இல்லை' என்று காட்டியதும் பூரித்துப் போகிறார்கள். பிழைக் குறியீடுகளை அழிக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் அழித்ததும் கார் தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். ஸ்கேனரில் 'ரெடினஸ்' என்றொரு பக்கம் இருக்கிறது. அதில் பல சோதனைகள் முடியாமல் நின்றால், சமீபத்தில்தான் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

அப்போதுதான் கழுவிய காரைப் பார்ப்பது

காயட்டும். ஈரத்தில் கீறலும் தெரியாது, பட்டி பார்த்த இடமும் தெரியாது.

கீறலைப் பார்த்துவிட்டு எலும்பை விட்டுவிடுவது

பம்பரில் ஒரு கோடு இருந்தால் அதற்குப் பேரம் பேசுவார்கள். முன்பக்கமே மாற்றி ஒட்ட வைத்த வண்டியை அப்படியே வாங்கிக்கொள்வார்கள். மறுபெயின்ட் அடித்ததே பெரிய குற்றம் இல்லை. எதற்காக அடித்தார்கள் என்பதுதான் கேள்வி. பானெட்டைத் திறந்து மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பானர் தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள்; பின்னால் அடிவாங்கிய வண்டியில் தகடு மடிந்து நிமிர்ந்த சுருக்கம் கையில் தட்டும். தகடுகள் சேரும் இடத்தில் தொழிற்சாலையில் இடைவெளியை அடைக்கப் பூசிய சீலர் ஒரே சீராக ஓடும். பட்டறையில் பூசியது அநேகமாக விரல் தடத்தோடு இருக்கும்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். பட்டி போட்ட இடத்தில் அது 500, 1000 என்று தாவும். ஓர் எண்ணை மட்டும் பார்க்காமல் ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வெறும் காந்தமும் உதவும், தடிமனாகப் பட்டி போட்ட இடத்தில் அது சரியாக ஒட்டாது. ஆனால் அலுமினிய பானெட்டிலும் பிளாஸ்டிக் மட்கார்டிலும் அது எப்படியும் ஒட்டாது. இது தெரியாமல் நான் ஒரு நல்ல காரை வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

மீட்டர் சொல்வதைக் கேட்பது

பிரேக் பெடல் ரப்பர் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஸ்டியரிங்கின் தோல், ஓட்டுநர் இருக்கையின் வெளிவிளிம்பு, கியர் குமிழ் மூன்றும் வழவழத்துப் போயிருக்க, மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டினால் நம்பாதீர்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 2018-இல் வாங்கி 20,000 கிலோமீட்டர்தான் ஓடியதாகச் சொல்லும் காருக்கு எதற்காக 2021-இல் நான்கும் புது டயர்?

தண்ணீரில் நின்ற காரை வாசனையால் எடைபோடுவது

நல்ல வாசனை அடித்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாக உள்ளேயே சுருண்டு கிடக்கும் அந்த நுனிப்பகுதியை யாரும் துவைப்பதில்லை. சேற்றுக் கோடு இருந்தால் அங்கேதான் மிஞ்சியிருக்கும். சீட்டின் அடிக்கம்பிகளில் துரு, மிதியடிக்குக் கீழே உள்ள கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல் இரண்டையும் பார்த்துவிடுங்கள். மூழ்கிய வண்டியின் மின்சாரக் கோளாறுகளுக்கு முடிவே கிடையாது.

பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது

அணையுங்கள். ஏசியையும்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது டக்டக் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. வேகத்தோடு சேர்ந்து ஏறும் முனகல், வளைவில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் பெரும்பாலும் வீல் பேரிங். மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு 'டி', 'ஆர்' இரண்டிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு வினாடி யோசித்துவிட்டு 'தொம்' என்று விழுந்தால் வேண்டாம்.

தனியாகப் போவது

போகாதீர்கள்.

சித்தப்பா மகனின் கதைக்கு வருகிறேன். "பானெட்ல கை வைடா" என்றேன். வைத்தான், வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். மறுநாள் காலையிலேயே வருகிறோம், அதுவரை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் போனபோது எஞ்சின் குளிர்ந்திருந்தது. அந்த அளவுக்கு அந்த மனிதர் நேர்மையானவர்தான். அவன் பின்னால் நிற்க, நான் சாவியைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் அவன் முழங்கால்வரை நீலமாக ஒரு மேகம். "நைட்டு பூரா நின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார் விற்பவர். பத்து வினாடியில் புகை காணாமல் போனது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. வீடு வருகிற சமயத்தில் முணுமுணுத்தான்: "ஆனா ஏசி நல்லா இருந்துச்சுண்ணா."