வருஷக்கணக்கா மழையில நின்ன எம்எக்ஸ்-5ஐ வாங்கி ரோட்டுல ஓட வைக்கிறது எப்படி

ஸ்போர்ட்ஸ் கார் ஆசை இருக்கு, கையில இருக்கிறது பழைய ஹேட்ச்பேக் வாங்குற காசு, அப்படின்னா இங்க பிரிட்டன்ல சுத்திச் சுத்தி எல்லாரும் கடைசில வந்து நிக்கிற இடம் மாஸ்டா எம்எக்ஸ்-5 தான். 1989 பிப்ரவரில சிகாகோ ஆட்டோ ஷோல காட்டின வண்டி, ஜப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர்னு பேரு, அமெரிக்காக்காரனுக்கு மியாட்டா. ரெண்டே சீட்டு, எஞ்சின் முன்னாடி, தள்ளுறது பின் சக்கரம், எடை ஒரு டன் பக்கம்தான். 2016லயே பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துடுச்சு, அதனால பார்ட்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. நான் இங்க பேசுறது முதல் தலைமுறை, 97 வரைக்கும் வந்தது, ஹெட்லைட் தவளைக் கண்ணு மாதிரி மேல எந்திரிக்குமே அது.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். நான் முதல்ல வாங்கினது சிவப்பு. பெயின்ட் கோயில் தேர் மாதிரி மினுங்குச்சு, புது அலாய், புது ஸ்டீரியோ, எஞ்சின் ஒரே சாவியில ஸ்டார்ட் ஆச்சு, நான் அங்கயே விழுந்துட்டேன். வீட்டுக்கு வந்து மூணாவது வாரம் வெல்டர் ஒருத்தர் கதவுக்குக் கீழ ஒரு ஸ்க்ரூ டிரைவரை வெச்சு லேசா அழுத்தினார், அது பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. உள்ள தகடே இல்ல, பெயின்ட்டுக்கு முன்னாடி பள்ளம் அடைக்கிற பட்டியும் கசக்கின நியூஸ்பேப்பரும்தான். வெளிய சிங்காரம் உள்ள ஓக்காளம்னு எங்க பாட்டி சொல்லும், அதேதான். அந்த வண்டியை பார்ட்ஸுக்கு வித்தேன். ரெண்டாவதா வாங்கினது பச்சை, பாசி பிடிச்சு, நாலு டயரும் காத்து இல்லாம, நாலு வருஷமா ஒரு வீட்டு வாசல்ல நின்னது, எஞ்சின் ஓடவே இல்ல. அதுதான் இன்னிக்கும் ஓடிட்டிருக்கு.

அதனால எஞ்சின் சத்தம் கேட்டு வண்டி வாங்காதீங்க, தகடு பாத்து வாங்குங்க. இந்த எஞ்சின் மாஸ்டா குடும்பக் காருக்குப் போட்ட வகை, 1.6 இல்லன்னா 1.8, ஒழுங்கா ஆயில் மாத்தினா சாகாது, ரிப்பேர் வந்தாலும் வீட்டு வாசல்லயே ஸ்பானர் செட்டை வெச்சு முக்கால்வாசி பண்ணிடலாம். துரு அப்படி இல்ல, வெல்டிங் தெரியாதவனுக்கு அது அடுத்தவன் மணிக்கணக்குக்குக் கட்டுற காசு.

பாக்கப் போறதுக்கு முன்னாடியே நம்பர் பிளேட் நம்பரைக் கேட்டு வாங்கி அரசாங்க வெப்சைட்ல எம்ஓடி (வருஷா வருஷம் வண்டி ரோட்டுக்குத் தகுதியான்னு பாக்குற டெஸ்ட்) ஹிஸ்டரி பாருங்க, காசு இல்ல. ஃபெயில் ஆனதை விட அட்வைசரியை, அதாவது பாஸ் ஆனாலும் கவனிங்கன்னு எழுதி விடுற குறிப்பைத்தான் கவனமாப் படிக்கணும். "பின்பக்க சில் துரு"ன்னு (சில் எதுன்னு கீழ சொல்றேன்) மூணு வருஷம் வரிசையா எழுதிட்டு நாலாவது வருஷம் திடீர்னு அந்தப் பேச்சே இல்லாமப் போச்சுன்னா ஒண்ணு ஒழுங்கா வெல்டிங் பண்ணிருக்கான், இல்ல பட்டி பூசிருக்கான், பில்லு கேளுங்க. மைலேஜும் வருஷா வருஷம் ஒத்துப் போகுதான்னு பாருங்க, ஜப்பான்ல இருந்து வந்த யூனோஸா இருந்தா மீட்டர் கிலோமீட்டர்ல வந்திருக்கும், இங்க வந்து மைலுக்கு மாத்திருப்பாங்க, சில வண்டில பாதி கணக்கு கிலோமீட்டர் பாதி மைல்னு குழம்பிக் கிடக்கும். அதுக்காக பயப்பட வேண்டாம், எப்ப மாத்தினாங்கன்னு பேப்பர் இருக்கான்னு மட்டும் கேளுங்க.

இப்ப நேர்ல. சில்லுனா கதவுக்கு அடியில முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் ஓடுற பெட்டி மாதிரி பகுதி, மேல கூரை இல்லாத வண்டிங்கிறதால இதுதான் வண்டிக்கு முதுகெலும்பு. அதோட பின் முனை, பின் சக்கரத்துக்கு சரியா முன்னாடி இருக்கிற இடம், அங்கதான் முதல்ல போகும். ஏன் அங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. துணி டாப் மேல விழுற மழைத்தண்ணி வழிஞ்சு சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கிற ஓட்டையில இறங்கி, ஒரு குழாய் வழியா பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழ வெளிய போகணும். அந்தக் குழாய்ல இலையும் மண்ணும் அடைச்சுக்கிட்டா தண்ணி கார்பெட்டுக்கு வரும், இல்லன்னா சில்லுக்குள்ளயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். நம்ம ஊர்ல மொட்டை மாடி தண்ணிக்குழாய் அடைச்சா சுவத்துல ஈரம் இறங்குமே, அச்சு அசல் அதே வியாதி.

ஆக, ஒரு சின்ன காந்தம், மேல துணி சுத்தி எடுத்துட்டுப் போங்க. சில்லோட கீழ் விளிம்புல, பின் சக்கர வளைவுல ஓட்டிப் பாருங்க, தகடு இருந்தா ஒட்டும், பட்டி இருந்தா நழுவும். விரலால தட்டிப் பாத்தாலும் சத்தம் மாறும். சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்டை அழுத்துங்க, ஈரம் தெரியும். டிக்கியைத் திறந்து வலது பக்கம் பேட்டரி இருக்கிற இடத்தைப் பாருங்க, இந்த வண்டிக்கு பேட்டரி டிக்கியில, வாயு வெளிய போக சின்ன ட்யூப் இருக்கிற வகைதான் போடணும், எவனாவது சாதாரண பேட்டரி போட்டிருந்தா அந்த மூலையே அரிச்சிருக்கும். விக்கிறவர் மூஞ்சியைச் சுளிச்சா சுளிக்கட்டும். காசு குடுத்து வாங்குற மாடு, பல்லைப் பிடிச்சுப் பாக்கறதுல தப்பே இல்ல.

98க்கு அப்புறம் வந்த மாடல் பாக்கறீங்கன்னா இதுக்கு மேல ஒண்ணு, எஞ்சின் ரெண்டு பக்கமும் முன்னாடி போற சேஸிஸ் ரெயில் உள்ளிருந்து துருப்பிடிக்கும், மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, வண்டிக்கு அடியில படுத்துத்தான் ஆகணும்.

எஞ்சின்ல பாக்க வேண்டியது கொஞ்சம்தான். 91 வாக்குல வரைக்கும் வந்த 1.6ல க்ராங்க் (எஞ்சினோட முக்கிய தண்டு) முனை சின்னது, அதுல டைமிங் பெல்ட் மாத்தும்போது போல்ட்டை சரியா முறுக்காம விட்டா, புல்லியைத் தண்டோட பூட்டி வெக்கிற சின்ன இரும்புத் துண்டு உக்கார்ற பள்ளம் தேஞ்சு புல்லி ஆட ஆரம்பிக்கும். முன்னாடி புல்லில 4 வெட்டு இருந்தா பழைய சின்ன முனை, 8 இருந்தா பெருசு. 4ன்னா வேண்டாம்னு இல்ல, எஞ்சினை ஓட விட்டு புல்லி ஆடாம சுத்துதான்னு பாத்துக்கோங்க. ரேடியேட்டர் மேல் டேங்க் ப்ளாஸ்டிக், புதுசுல கறுப்பு, அது பச்சையும் பழுப்புமா மாறிடுச்சுன்னா சீக்கிரம் விரிசல் விடும்னு அர்த்தம், அதை பேரத்துல கழிங்க. ஸ்டார்ட் பண்ணதும் மேல டிக் டிக்னு தையல் மெஷின் சத்தம் வந்தா அது ஹைட்ராலிக் லிஃப்டர், ஆயில் அழுத்தத்துல வால்வைத் தள்ளுற சின்னத் துண்டு, ரொம்ப நாள் நின்ன வண்டில சகஜம், ஆயில் மாத்தி சூடா ஓட்டினா பெரும்பாலும் அடங்கும். எஞ்சினுக்குப் பின்னாடி ஆயில் வழியுதா, அங்க இருக்கிற கேம் ஆங்கிள் சென்சாரோட ஓ-ரிங்கா (வட்ட ரப்பர் சீல்) இருக்கும், அதுக்கு அடியில போற ஹீட்டர் ஹோஸ் ஆயில் பட்டு ஊறி உப்பிடும், சில்லறைக் காசு ஓ-ரிங்தான், ஆனா கை நுழைக்க இடம் இல்லாம வாய் கெட்ட வார்த்தை பேசும்.

"நிறுத்தும்போது நல்லாத்தாங்க ஓடிச்சு"ன்னு சொன்னா எஞ்சின் ஓடாதுன்னு கணக்குப் போட்டே விலை பேசுங்க, ஓடினா லாபம். நான் அப்படித்தான் பச்சை வண்டியை 700 பவுண்டுக்கு முடிச்சேன். கிழிஞ்ச பின் ப்ளாஸ்டிக் கண்ணாடி, வெளுத்த பெயின்ட், எந்திரிக்காத ஹெட்லைட், இதெல்லாம் பேரம் பேசறதுக்குன்னே கடவுள் குடுத்தது. ஹெட்லைட் மோட்டர் மேல ரப்பர் மூடியைக் கழட்டினா கையால திருப்புற குமிழ் இருக்கும், அதைத் திருப்பி ஏத்திட்டு வீட்டுக்கு வந்துடலாம், அதை அவர்கிட்ட சொல்லணும்னு அவசியம் இல்ல.

வண்டி வந்தாச்சு. இப்பதான் நிறைய பேர் தப்புப் பண்றது, ஒரே சனி ஞாயித்துல சீட்டு டாஷ்போர்டு பம்பர்னு எல்லாத்தையும் கழட்டிடுவாங்க, அப்புறம் குளிர் வந்துடும், குழந்தை பொறந்துடும், போல்ட்டெல்லாம் எந்த டப்பால இருக்குன்னு மறந்துடும், மூணு வருஷம் கழிச்சு "பாதி வேலை முடிஞ்சது"ன்னு விளம்பரம் போடுவாங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை, அதை முடிச்சு மாட்டின பிறகு அடுத்தது.

முதல் வேலை எஞ்சின் இல்ல, தண்ணி. சீட்டுக்குப் பின்னாடி கையை விட்டு ஓட்டையில இருக்கிற குப்பையை எடுங்க, அப்புறம் மழமழன்னு வளையுற ப்ளாஸ்டிக் வயர் ஒண்ணை மெதுவா உள்ள விட்டு குழாய்ல இருக்கிற அடைப்பைத் தள்ளி விடுங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க குழாய் கிழிஞ்சுடும். ஒரு சொம்பு தண்ணி ஊத்தி கீழ வருதான்னு பாருங்க, என் வண்டில முதல்ல வந்தது கறுப்பு சேறு. சில்லுக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டைகளையும் குத்தி விடுங்க, அண்டர்சீல் (அடியில துரு வராம பூசுற பூச்சு) பூசறேன்னு அதையும் சேத்து அடைச்சு வெச்சிருப்பாங்க. அடுத்து சீட்டைக் கழட்டி, கார்பெட்டை வெளிய எடுத்துக் காயப் போடுங்க, அடியில இருக்கிற பஞ்சு தண்ணியைக் குடிச்சு வெச்சிருக்கும், மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் தெரியும். துரு இருந்தா இப்பவே வெல்டர்கிட்ட போங்க. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மாட்டுற இடத்துக்கு 30 சென்டிமீட்டருக்குள்ள தகடு போயிருந்தா எம்ஓடில ஃபெயில், அங்க பட்டி, ஃபைபர் எல்லாம் செல்லாது, புதுத் தகடு வெச்சு சுத்தியும் விடாம வெல்டிங் பண்ணிருக்கணும். வெல்டிங் முடிஞ்சதும் சில்லுக்குள்ள நீளமான குழாய் வெச்சு மெழுகு ஸ்ப்ரே அடிச்சுடுங்க. ஜாக்கியை கண்ட இடத்துல சில்லு விளிம்புல கொடுத்து நசுக்காதீங்க, அந்த நசுங்கின இடத்துலதான் அடுத்த துரு. தூக்கினதும் ஸ்டாண்ட் போடாம அடியில போகவே கூடாது.

அப்புறம் எஞ்சின். சாவியைத் திருப்பிப் பாக்கணும்னு கை பரபரக்கும், அடக்குங்க. பழைய பெட்ரோலை இறக்குங்க, வார்னிஷ் வாசனை வந்தா ஒரு சொட்டு கூட விடாதீங்க. நாலு ப்ளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சமா எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி வெச்சுட்டு, மறுநாள் க்ராங்க் போல்ட்ல ஸ்பானர் போட்டு கையால ரெண்டு மூணு சுத்து சுத்துங்க. தடையில்லாம சுத்தினா நல்ல சகுனம். ஆயில், ஃபில்டர், புது ப்ளக், ப்ளக் வயர் போடுங்க, இந்த வண்டில ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது திக்கித் திணறினா பத்துக்கு ஏழு தடவை வயர்தான், நான் தெரியாம இன்ஜெக்டர் வரைக்கும் கழட்டிப் பாத்துட்டு கடைசில வயர் மாத்தினேன். புதுப் பெட்ரோல் ஈ5 (எத்தனால் கம்மியா கலந்த வகை) ஊத்துங்க, நிறுத்தி நிறுத்தி வெக்கிற பழைய வண்டிக்கு அதுதான் நல்லது.

ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு தெருவுல கொண்டு போயிடாதீங்க, முதல்ல நிக்குமான்னு பாக்கணும். பின் பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கோட அழுத்திப் பிடிக்கிற பகுதி) ஹேண்ட் பிரேக்கோட சேந்து இறுகிக் கிடக்கும், ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கையால சுத்தினா தெரிஞ்சுடும். அதுல பிஸ்டனை க்ளாம்ப் வெச்சு அமுக்கி உள்ள தள்ள முயற்சி பண்ணாதீங்க, உடைஞ்சிடும். காலிப்பர் பின்னாடி ஒரு 14 எம்எம் போல்ட், அதைக் கழட்டினா உள்ள 4 எம்எம் ஆலன் கீ போற இடம், அதைத் திருப்பினாதான் பிஸ்டன் உள்ள போகும். புது பேட் போட்டதும் அதே கீயால பேட் டிஸ்க்ல ஒட்டுற வரைக்கும் இறுக்கிட்டு கொஞ்சூண்டு தளத்துங்க, ஹேண்ட் பிரேக் பிடிக்கலைன்னு புலம்புறவங்க முக்கால்வாசிப் பேர் இதைப் பண்ணாதவங்கதான், கேபிளை இழுத்து இழுத்துக் கட்டிட்டு இருப்பாங்க. பிரேக் ஆயில் முழுசா மாத்துங்க. க்ளட்ச் பெடல் தரையோட போச்சுன்னா க்ளட்ச் போச்சுன்னு பயந்துடாதீங்க, கியர்பாக்ஸ் பக்கத்துல, பெடல் அழுத்தத்தை க்ளட்ச்சுக்குக் கொண்டு போற ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகும், ரெண்டே போல்ட், விலையும் கம்மி.

டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு ஸ்டிக்கரோ பில்லோ இல்லன்னா மாத்தலைன்னே வெச்சுக்கோங்க, 60,000 மைலுக்கு ஒரு தடவை மாத்த வேண்டியது. இந்த மாடல்ல பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டன்ல இடிக்காது, அதனால எஞ்சின் பொழைக்கும், நீங்கதான் மோட்டார்வே ஓரத்துல மழையில நிப்பீங்க. அதைத் திறக்கும்போதே வாட்டர் பம்ப், ஆயில் சீல் எல்லாத்தையும் சேத்துப் போட்டுடுங்க, ரேடியேட்டர் பழுப்பா இருந்தா அதுவும் அப்பவே. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகை 75டபிள்யூ-90 ஆயில் ஊத்துங்க. காலைல குளிர்ல ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது இந்த வண்டிக்குப் பொறவிக் குணம், ரெண்டு மைல் போனா சரியாயிடும். கியர் லீவருக்கு அடியில ஒரு ரப்பர் பூட் கிழிஞ்சு சூடான காத்து உள்ள வரும், அதை மாத்தினா லீவர் கையில வெண்ணெய் மாதிரி போகும், செலவுக்கு இவ்வளவு சந்தோஷம் தர்ற வேலை வேற எதுவும் இல்ல.

பெயின்ட்டுக்கு நான் ரொம்ப மெனக்கெட மாட்டேன். சிவப்பு வண்டி வெளுத்து ரோஸ் ஆயிருந்தா பாலிஷ் போட்டாலே பாதி திரும்பி வந்துடும்.

கடைசி வேலை டயரும் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரம் நிக்கிற கோணத்தை சரி பண்றது. டயர்ல பட்டன் தேயாம எவ்வளவு இருந்தாலும் சரி, பக்கச்சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், 1214ன்னா 2014ல 12வது வாரம் செஞ்சது, அந்த மாதிரி கிழ டயரை ஈர ரோட்டுல பின் சக்கரம் தள்ளுற வண்டிக்குப் போட்டு ஓட்டாதீங்க. அலைன்மென்ட் கடைக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சஸ்பென்ஷன் கீழ் கைகள்ல இருக்கிற நீள போல்ட்டுக்கெல்லாம் தினம் சாயங்காலம் துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு வையுங்க, அதைத் திருப்பித்தான் கோணத்தை சரி பண்ணுவாங்க, அது ரப்பர் புஷ்ஷோட இறுகிப் போயிருந்தா கடைக்காரர் "திரும்பலைங்க"ன்னு சொல்லிட்டு செக் பண்ணதுக்குக் காசை மட்டும் வாங்கிடுவார். எனக்கு நாலுல மூணு திரும்பிச்சு, நாலாவதை ரம்பம் போட்டு அறுத்தோம், புஷ்ஷும் போல்ட்டும் புதுசு. எம்ஓடி இல்லாத வண்டியை முன்கூட்டியே புக் பண்ண எம்ஓடி டெஸ்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம், ஆனா இன்ஷூரன்ஸ் கண்டிப்பா இருக்கணும், புக்கிங் மெசேஜை போன்ல வெச்சுக்கோங்க. அன்னிக்கு மழை பெஞ்சா டாப்பைத் திறக்காதீங்க, வெயில் அடிச்சா பின் கண்ணாடி ஜிப்பை முதல்ல அவுத்துட்டு அப்புறம் மடக்குங்க, இல்லன்னா போட்ட புது ப்ளாஸ்டிக் அன்னிக்கே மடிஞ்சு கோடு விழுந்துடும்.