கூண்டில் மருந்து வாடை அடித்தால் வேலை முடியவில்லை

ஆய்வக விலங்கறைக்குள் நுழைந்ததும் கிருமிநாசினி வாடை குப்பென்று அடித்தால் ‘அடடா, என்ன சுத்தம்’ என்பவர்கள் நிறையப் பேர். எனக்கென்னவோ சரியாக அலசவில்லை என்றுதான் தோன்றும். எலி மூக்கை நம்பி வாழ்கிற பிராணி, கூண்டுச் சுவரை நக்கும், கடிக்கும், அதில் ஒட்டியிருக்கிற மருந்து அதன் வயிற்றுக்குள் போய், அப்படியே உங்கள் சோதனை முடிவுக்குள்ளும் போய்விடும்.

1998-ல் அமெரிக்காவில் பாட்ரிசியா ஹண்ட் என்ற ஆய்வாளரின் எலிகளுக்கு, சினைமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு திடீரென்று கூடிப்போனது. காரணத்தைத் தேடினால், பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் யாரோ தவறான காரத் திரவத்தால் கழுவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அரித்து, அதன் மூலப்பொருளான, உடம்பில் ஹார்மோன்போல வேலை செய்யும் பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் கசிந்திருக்கிறது. அதனால் பால்போல வெளுத்து மங்கிய கூண்டு, மயிர்க்கோடாக விரிசல் விட்ட பாட்டில் எல்லாவற்றையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் விலங்கை வேறு கூண்டுக்கு மாற்றி, படுக்கையைக் கொட்டி, ஒட்டியிருப்பதைச் சுரண்டி, சோப்பால் தேய்த்து அலசுங்கள். அழுக்கு இருக்கும்போது ப்ளீச் ஊற்றினால் அது அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமி அப்படியே இருக்கும். சோப்பு மிச்சமிருந்தால் குவாட் வகை (குவாட்டர்னரி அம்மோனியம் சேர்ந்த கிருமிநாசினி) மருந்தும் செயலிழந்துவிடும்.

முயல், கினிப் பன்றிக் கூண்டுகளின் அடித்தட்டில் வெள்ளையாகப் படியும் சிறுநீர்க் காறை சோப்புக்கு அசையாது, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால்தான் பெயர்ந்து வரும். ஆனால் அமிலம் பட்ட இடத்தை நன்றாக அலசாமல் ப்ளீச் பக்கமே போகாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சிறுநீரில் இருக்கிற அம்மோனியாவோடு ப்ளீச் சேர்ந்தாலும் நச்சுப் புகைதான்.

அப்புறம் கிருமி கொல்வது. கழுவும் இயந்திரம் இருந்தால் கடைசி அலசலை 82 டிகிரி செல்சியஸில் விடுங்கள், வெப்பம் எச்சம் வைக்காது. கூண்டில் நிறம் மாறும் பட்டை ஒட்டிப் பார்த்தால் சூடு உண்மையிலேயே எட்டியதா என்று தெரிந்துவிடும், இயந்திரத்தின் திரை காட்டும் எண்ணை நான் முழுசாக நம்புவதில்லை. இயந்திரம் இல்லையென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு நல்லது, தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். பெராசிட்டிக் அமிலமும் அப்படித்தான், வினிகர் வாடை மட்டும் கொஞ்சம் நிற்கும். எதுவானாலும் லேபிளில் போட்டிருக்கிற நேரம் முழுக்கப் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்தால் தெளித்ததே வீண். குவாட் லேசில் போகாது, பரப்பில் படலமாகத் தங்கும். வாசனை சேர்த்த மருந்து எதுவும் வேண்டாம்.

அலசலில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மூலை, மூடியின் விளிம்பு, பாட்டில் குழாயின் உட்புறம், இங்கெல்லாம் மருந்து ஒளிந்துகொள்ளும். கடைசியாகச் சொட்டும் தண்ணீரில் ஒரு பிஎச் பட்டையை நனைத்து, வெறும் குழாய்த் தண்ணீரில் நனைத்ததோடு ஒப்பிடுங்கள். நிறம் வேறுபட்டால் மறுபடி அலசல். குவாட்டை பிஎச் பட்டை காட்டிக்கொடுக்காது, அதற்குத் தனிப் பட்டை உண்டு. பிறகு கவிழ்த்து வைத்து முழுக்கக் காயவிடுங்கள்.

ஆண் சுண்டெலிகளாக இருந்தால், பழைய கூட்டிலிருந்து சிறுநீர் படாத பஞ்சு கொஞ்சம் எடுத்துப் புதுக் கூண்டில் போடுங்கள், தெரிந்த வாடை இருந்தால் சண்டை குறையும். நோய் பரவியிருக்கும் சமயம் மட்டும் அந்தப் பஞ்சும் குப்பைக்குத்தான்.