பேஸ் ஓர் ஊரில், வீடு ஓர் ஊரில்: அமெரிக்க விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 பிப்ரவரி 11 மாலை, சியாட்டிலில் இருந்து 24 வயதுப் பெண் துணை விமானி ஒருவர் வேலைக்குக் கிளம்பினார். அவருடைய பேஸ் (பணி தொடங்கும் ஊர்) நாட்டின் மறுகோடியில், நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்கில். ஒரு சரக்கு விமானத்தில் இடம் கேட்டு மெம்பிஸ் வந்தார். அங்கிருந்து இன்னொரு சரக்கு விமானம் பிடித்து நியூவர்க் வந்து சேரும்போது விடிகாலை ஆறரை. அங்கே அவருக்கென்று ஒரு படுக்கை இல்லை. விமானிகள் கூடும் அறையிலேயே பகலைக் கழித்தார். சளி வேறு பிடித்திருந்தது.

அன்று இரவு அவர் துணை விமானியாக இருந்த கோல்கன் ஏர் 3407 விமானம் பஃபலோ அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர், ஆக 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்த எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. இருவருடைய செயல்பாட்டையும் களைப்பு பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவுக்கு என்று சொல்ல முடியாது என்றும் அது குறிப்பிட்டது. என்னை உலுக்கியது விமானி அறைப் பதிவில் இருந்த ஒரு பேச்சு. உடம்பு இப்படி இருக்கும்போது வீட்டில் இருந்திருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன், இங்கே வந்தபிறகு லீவு சொன்னால் குணமாகும்வரை சொந்தக் காசில் ஹோட்டலில் கிடக்க வேண்டும் என்ற பொருளில் அந்தப் பெண் சொல்லியிருந்தார்.

பேஸ், பயணம், நோய் விடுப்பு மூன்றும் ஒரே முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் வேலைக்குச் சேரும்போது பலரும் மூன்றையும் தனித்தனியாகத்தான் யோசிக்கிறார்கள். பேஸ் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம், வீடு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், லீவு தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. பெரிய தவறு இதுதான். மற்ற தவறுகள் இதிலிருந்து கிளைவிடுபவை.

பேஸ் என்பது உங்கள் பறப்பு தொடங்கி முடிகிற ஊர். அந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இல்லை. அதனால் வேறு மாநிலத்தில் வீடு, வேலைக்கு விமானம் ஏறிப் போவது என்று வாழ்கிறவர்கள் ஏராளம். இதைத்தான் கம்யூட் என்கிறார்கள். கோல்கன் விசாரணையில் வெளிவந்த கணக்கையே பாருங்கள்: நியூவர்க் பேஸில் இருந்த 137 விமானிகளில் 93 பேர் கம்யூட் செய்தவர்கள். அவர்களில் 29 பேர் ஆயிரம் மைலுக்கும் அப்பால் வசித்தார்கள்.

நாள் கணக்கை யாரும் தாளில் போட்டுப் பார்ப்பதில்லை. மாதம் நான்கு டிரிப் (பேஸில் கிளம்பிப் பேஸுக்கே திரும்பும் பறப்புத் தொடர்), ஒவ்வொன்றும் நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். 16 நாள் வேலை, 14 நாள் வீடு. நல்ல வேலை என்று தோன்றும். இப்போது டிரிப் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் முந்தைய நாளே பேஸுக்குப் போயாக வேண்டும். இரவு பத்து மணிக்கு முடிந்தால் ஊருக்கு விமானம் இருக்காது, மறுநாள்தான் திரும்ப முடியும். டிரிப்புக்கு இரண்டு நாள் என்றால் மாதம் எட்டு நாள் போச்சு. மிஞ்சுவது ஆறு. மதியம் தொடங்கி மதியம் முடிகிற, கம்யூட்டுக்குத் தோதான டிரிப்புகளும் உண்டுதான். ஆனால் எல்லாமே சீனியாரிட்டி வரிசைப்படி கிடைப்பவை; புதியவருக்கு மிச்சம் மீதிதான் வரும். வெளியூரில் வீடு இருப்பவருக்குத்தான் அந்த டிரிப் அதிகம் தேவை, ஜூனியராக இருக்கும்வரை அவர் கைக்கு அது எட்டாது.

ரிசர்வில், அதாவது அழைப்புக்குக் காத்திருக்கும் பணியில், இருந்தால் நிலைமை இன்னும் மோசம். போன் வந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் பேஸில் நிற்க வேண்டிய ரிசர்வை வேறு ஊரிலிருந்து செய்ய முடியாது. கிராஷ் பேட் எடுப்பதுதான் வழி. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பல விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீடு அது. நியூயார்க்கில் கியூ கார்டன்ஸ் என்ற பகுதிக்கு ‘க்ரூ கார்டன்ஸ்’ என்று பட்டப்பெயரே உண்டு. கிராஷ் பேட் எடுக்கும்போது மலிவாக இருக்கிறதே என்று ‘ஹாட் பங்க்’ எடுக்காதீர்கள். அதில் உங்களுக்கென்று கட்டில் கிடையாது. எது காலியோ அதில் படுக்க வேண்டும். உங்களுக்கு மட்டுமான கட்டில் வேண்டுமென்றால் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும். கொடுங்கள். காய்ச்சல் அடிக்கும்போது கட்டில் தேடுவது கொடுமை.

பதவி உயர்வு ஆசையில் விழுவதும் உண்டு. சொந்த ஊர் பேஸில் சீனியர் துணை விமானியாக, விரும்பிய டிரிப்பை எடுத்துக்கொண்டு இருப்பவர், கேப்டன் இடம் திறக்கிறது என்று தூரத்து ஜூனியர் பேஸுக்குத் தாவுவார். அங்கே பட்டியலின் அடியில் ரிசர்வ், வாரக்கடைசியில் வேலை, பண்டிகைக்கு வேலை. சம்பளம் கூடும், உண்மைதான். வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் இதில் ஒரு தரப்பு என்பதை மறந்துவிட்டுப் போடும் பிட் (இந்த இடம் வேண்டும் என்ற விண்ணப்பம்) பின்னால் வலிக்கும்.

சரி, அப்படியானால் பேஸ் ஊரிலேயே வீடு வாங்கிவிடலாமே என்றால், அவசரப்பட வேண்டாம். பேஸ்கள் நிலையானவை அல்ல. யுஎஸ் ஏர்வேஸ் 2004-ல் பிட்ஸ்பர்க்கை ஹப் (அதன் விமானங்கள் வந்து கூடும் மைய நிலையம்) நிலையிலிருந்து இறக்கியது. டெல்டா 2013-ல் மெம்பிஸிலும் யுனைடெட் 2014-ல் கிளீவ்லாந்திலும் ஹப்பைக் கைவிட்டன. முதல் இரண்டு மூன்று ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே என் யோசனை.

வரி விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்யூட் செலவும் கிராஷ் பேட் வாடகையும் சொந்தச் செலவு. வருமான வரியில் கழிக்க முடியாது. டெக்சாஸிலும் புளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை என்பதற்காக அங்கே குடியிருந்துகொண்டு நியூயார்க்குக்குப் பறக்கிறவர் மிச்சமாகும் பணத்தை மட்டும் எண்ணக் கூடாது, போகிற நாட்களையும் எண்ண வேண்டும்.

அடுத்தது, கடைசி விமானத்தை நம்புவது. கம்யூட்டுக்கு உங்களுக்கு உறுதியான டிக்கெட் கிடையாது. பயணிகள் ஏறியபிறகு இருக்கை மிஞ்சினால் அதில், இல்லையென்றால் விமானி அறையில் இருக்கும் ஜம்ப்சீட்டில், அதுவும் கேப்டன் அனுமதித்தால். நன்றி நவிலல் வாரத்தில், கோடை விடுமுறையில், ஒரே ஜம்ப்சீட்டுக்கு நான்கு பேர் நிற்பார்கள். பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் கம்யூட்டர்களுக்கு ஒரு பாதுகாப்பு விதி உண்டு: நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் இரண்டு விமானங்களுக்காவது முயன்று இடம் கிடைக்காமல் போனால் தண்டனை இல்லை என்பது போல. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அந்த விதியின் சொற்களைப் படித்துவிடுங்கள். இருக்கை நிலவரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வர முடியாது என்று தெரிந்த நிமிடமே போன் செய்யுங்கள். பணிக்கு வந்து நிற்க வேண்டிய ரிப்போர்ட் நேரம் தாண்டிய பிறகு அல்ல.

விமானம் தவறிவிட்டது, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இடம் கேட்டுப் பெயர் பதிந்ததும் கிடைக்காமல் போனதும் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கும். தாமதம் எச்சரிக்கையோடு போகலாம். பொய் வேலையையே கொண்டுபோகும்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் உயிரைக் கொல்வது: உண்மையாகவே முடியாதபோது வாயைத் திறக்காமல் பறப்பது. மூக்கடைப்போடு விமானம் இறங்கும்போது காதிலும் முகத்தெலும்பு அறைகளிலும் அழுத்தம் சமனாகாது. வலியில் கண் இருட்டும், செவிப்பறை கிழியலாம். அதுவும் தரையிறங்கும் நேரத்தில். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்றால், சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் கிடைக்கும் பல மருந்துகளில் டைஃபென்ஹைட்ரமைன் இருக்கிறது. பெனட்ரில் என்று அங்கே விற்பது அதுதான். அதைப் போட்டால் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்ஏஏ. வியாழன் இரவு போட்ட மாத்திரை ஞாயிறு காலை வரை உங்களைத் தரையில் வைக்கும்.

உடல்நலக் குறைவும் களைப்பும் ஒன்றல்ல என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2014 ஜனவரி 4 முதல் நடைமுறையில் உள்ள ‘பார்ட் 117’ விதிப்படி பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு உண்டு. ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் தகுதியோடு இருக்கிறேன் என்று விமானி உறுதி சொல்ல வேண்டும். களைப்பாக இருக்கிறது என்று சொன்னவரை நிறுவனம் பறக்கவிடக் கூடாது. ஆனால் பேஸுக்கு வர ஐந்து மணி நேரம் பறந்து வந்தீர்களே, அது சட்டத்தின் கண்ணில் பணி அல்ல. அப்போதுதான் எழுந்து வந்தவராகவே உங்கள் கடிகாரம் ஓடும். கோல்கன் விபத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் கேட்டதன்பேரில் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2011-ல் கம்யூட் பற்றி ஓர் அறிக்கை தந்தது. விதி போடும் அளவுக்குப் போதிய தரவு இல்லை என்றது அது. ஆக, அந்த இடைவெளி முழுக்க விமானியின் தலையில்தான். இரவு விமானத்தில் வந்து அதிகாலை டிரிப் எடுப்பது என்ற வழக்கத்தை முதல் மாதத்திலேயே விட்டுவிடுங்கள்.

சேர்ந்த புதிதில் நோய் விடுப்புக் கணக்கில் மணிகள் குறைவாகவே இருக்கும், மாதாமாதம்தான் சேரும். அதனாலேயே முதல் ஆண்டில் பலர் சளியோடு கிளம்புகிறார்கள். பேஸ் உறுதியான அன்றே, அங்கே மூன்று நான்கு இரவு ஹோட்டலில் தங்க ஆகும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வேறு எதற்கும் அதைத் தொட வேண்டாம். அந்த இளம்பெண்ணுக்கு அன்று நியூவர்க்கில் தேவைப்பட்டது அந்தத் தொகைதான்.