ஸ்பெயின் கடற்கரையில் வீடு வாங்கும் பிரிட்டிஷ்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008 ஜனவரியில், ஸ்பெயினின் அல்மெரியா மாகாணத்தில் வேரா என்ற ஊருக்கு வெளியே, ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீட்டை இயந்திரம் வைத்து அரசு இடித்தது. ஓய்வுக்காலத்தைக் கழிக்கக் கட்டிய வீடு. நகராட்சி கொடுத்த கட்டட அனுமதி அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அந்த அனுமதியே தவறு என்று அந்தலூசியா மாநில அரசு நீதிமன்றம் போய் அதை ரத்து செய்ய வைத்தது. அதன் பிறகு வீடு நின்றிருந்த இடம் வெறும் நிலம்தான்.

அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு அலுவலகம் கொடுத்த காகிதத்தை நம்பினார்கள், அவ்வளவுதான். ஸ்பெயினில் வீடு வாங்க நினைக்கும் எவரும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்: அங்கே வில்லங்கம் விற்றவரோடு போய்விடாது, வீட்டோடு நிற்கும். அனுமதி இல்லாத அறை, கட்டாத வரி, குடியிருப்போர் சங்கத்துக்குப் பாக்கி வைத்த பணம், எல்லாமே புதிதாக வாங்கியவர் தலையில்தான் விடியும். கையெழுத்துப் போடும் முன் கண்டுபிடித்தால் விலை பேச ஒரு துருப்பு. போட்ட பிறகு கண்டுபிடித்தால் அது உங்கள் செலவு.

பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு வாழும் தமிழர்களுக்கும் இந்த விதிகள் அப்படியே பொருந்தும்.

அவசரமாகக் கொடுக்கும் முன்பணம்

இங்கிலாந்தில் வீடு வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. விலை பேசி முடித்தாலும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியாது, பின்வாங்கலாம் என்பது. இந்தப் பழக்கத்தோடு ஸ்பெயின் போகிறவர்கள் டொர்ரெவியேஹாவிலோ நெர்ஹாவிலோ ஒரே மதியத்தில் நான்கு வீடு பார்க்கிறார்கள். கடைசி வீட்டின் மாடியிலிருந்து கடல் தெரிகிறது. "இன்னொருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், சில ஆயிரம் யூரோ கொடுத்தால் உங்களுக்குப் பிடித்து வைக்கிறேன்" என்கிறார் தரகர். கொடுத்துவிடுகிறார்கள்.

அதற்கு அடுத்த படிதான் ஆர்ராஸ் எனப்படும் முன்பண ஒப்பந்தம். வழக்கமாக விலையில் 10 சதவீதம் முன்பணம். ஸ்பெயின் சிவில் சட்டத்தின் 1454-ஆம் பிரிவுப்படி எழுதப்பட்ட ஆர்ராஸ் என்றால், வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போச்சு; விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 2 லட்சம் யூரோ வீட்டுக்கு 20,000 யூரோ. வங்கி கடன் தரவில்லை, வீட்டில் அனுமதி இல்லாத கட்டடம் இருக்கிறது என்று அப்புறம் தெரிந்தாலும், அதற்கான நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்றால் அந்தப் பணத்தை மீட்பது பெரும்பாடு.

அதனால் முதல் தாளிலேயே, அந்தச் சின்ன முன்பதிவுத் தாளிலேயே, இரண்டு வரி இருக்க வேண்டும். சட்டச் சிக்கல் தெரியவந்தால் பணம் முழுதாகத் திரும்ப வரும். வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலும் அப்படியே. ஸ்பெயினில் வசிக்காதவர்களுக்கு வங்கிகள் பொதுவாக 60 முதல் 70 சதவீதம்தான் கடன் தருகின்றன. வங்கி மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு நீங்கள் பேசிய விலையை விடக் குறைந்துவிட்டால் கையிலிருந்து போட வேண்டிய தொகை இன்னும் ஏறும். இந்த இரண்டு வரியை எழுதச் சம்மதிக்காத தரகரிடம் பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். கடல் தெரியும் வீடு இன்னொன்று கிடைக்கும்.

நோட்டாரியோ உங்கள் வக்கீல் இல்லை

பத்திரம் நோட்டாரியோ முன்னால்தான் கையெழுத்தாகும். அவர் அரசின் அதிகாரம் பெற்ற அலுவலர், இரு தரப்புக்கும் பொதுவானவர். ஆள் யார், சொத்துப் பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவர்தான் விற்கிறாரா, பதிவான அடமானம் உண்டா என்று பார்ப்பார். தோட்டத்தில் இருக்கும் நீச்சல் குளத்துக்கு அனுமதி வாங்கினார்களா என்று போய்ப் பார்க்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. "அரசு அலுவலரே பார்த்துவிட்டார், இனி என்ன பயம்" என்று நினைத்து வக்கீல் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வக்கீல் கட்டணம் பொதுவாக விலையில் 1 சதவீதமும் அதன் மேல் 21 சதவீத வரியும்தான். மொத்தச் செலவில் இதைவிடப் பயனுள்ள பணம் எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தரகர் "எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்" என்று கைகாட்டும் வக்கீல் வேண்டாம். வியாபாரம் முடிந்தால்தான் தரகருக்குக் காசு. அவர் அனுப்பும் வேலையை நம்பியிருக்கும் வக்கீல் "வாங்காதீர்கள்" என்று சொல்வது கடினம். அந்த மாகாணத்தின் வக்கீல்கள் சங்கத்தில் பதிவு எண் உள்ளவரா என்று பார்த்து நீங்களே தேடிக்கொள்ளுங்கள். அங்கே நேரில் நிற்க முடியாவிட்டால் அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். பிரிட்டனிலேயே எழுதினால், அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். என்ஐஇ எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண்ணையும் அவர் மூலமே விண்ணப்பிக்கலாம். அந்த எண் இல்லாமல் வரி கட்ட முடியாது, வீட்டையும் பதிய முடியாது.

மூன்று அளவும் ஒத்துப்போகிறதா?

நோத்தா சிம்ப்ளே என்பது சொத்துப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் நகல். இணையத்திலேயே சுமார் 10 யூரோவுக்குக் கிடைக்கும். அதில் வீட்டின் விவரம், உரிமையாளர் பெயர், கடன், ஜப்தி எல்லாம் இருக்கும். பலர் கடன் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று மூடிவிடுகிறார்கள். முதல் பத்தியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஹாவியாவுக்கு வெளியே ஒரு வில்லா என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் "110 சதுர மீட்டர், ஒரு தளம்" என்றிருக்கும். சொத்து வரிக்கான காதாஸ்த்ரோ பதிவில் 145 சதுர மீட்டர். நேரில் போனால் கண்ணாடி போட்டு மூடிய மொட்டை மாடி, கீழே விருந்தினர் அறை, பக்கத்தில் ஒரு குளம். இந்த மூன்றும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விற்பவர் காகிதத்தோடு விளக்க வேண்டும். காதாஸ்த்ரோவில் இருக்கிறது, வரி கட்டியிருக்கிறார்கள் என்பதால் கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது. வரி அலுவலகம் கட்டியிருப்பதைப் பார்த்து வரி போடும். அனுமதி இருக்கிறதா என்பது நகராட்சி விவகாரம். நகராட்சியின் திட்டமிடல் பிரிவிலிருந்து எழுத்துமூலம் சான்று வாங்குவதுதான் வழி.

இன்னொரு எளிய சோதனை: சமீபத்திய மின்கட்டண ரசீதைக் கேளுங்கள். பத்து வருடமாக ஆள் குடியிருக்கும் வீட்டில் இன்னும் கட்டுமான வேலைக்கான தற்காலிக மின் இணைப்பு ஓடுகிறது என்றால், குடியிருப்பதற்கான அனுமதி அந்த வீட்டுக்குக் கிடைக்கவேயில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். தண்ணீருக்கும் அப்படித்தான்.

விவசாய நிலத்தில் கட்டிய வீடுகளில் இன்னும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அந்தலூசியாவில் இப்படிக் கட்டிவிட்ட பல வீடுகளை, இனி இடிக்க முடியாத அளவுக்குக் காலம் கடந்துவிட்டவை என்று ஏற்று ஏஎஃப்ஓ என்ற தகுதியைக் கொடுக்கிறார்கள். மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு அது உதவும். ஆனால் அந்த வீட்டைப் பெரிதாக்க முடியாது. ஒரு அறை சேர்த்துக்கொள்ளலாம் என்ற கனவோடு வாங்காதீர்கள்.

கடலை ஒட்டிய முதல் வரிசை வீடு என்றால் 1988-இன் கடற்கரைச் சட்டம் வரும். கடற்கரைப் பகுதி பொதுச் சொத்து. அந்த எல்லைக்குள் விழும் பழைய வீடுகளுக்கு உரிமை போய், குறிப்பிட்ட காலம் பயன்படுத்திக்கொள்ளும் சலுகை மட்டுமே மிஞ்சும். 2013 திருத்தத்தில் அதை அதிகபட்சம் 75 ஆண்டு வரை நீட்டினார்கள். எல்லைக்கு உள்பக்கமும் 100 மீட்டர் வரை, முன்பே நகர்ப்பகுதியாக இருந்த இடங்களில் 20 மீட்டர் வரை, கட்டடக் கட்டுப்பாடு உண்டு. கடற்கரை எல்லை எங்கே ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்க்காமல் முதல் வரிசைக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

பிரெக்சிட்டுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கார்த்தஹேனா சுற்றுவட்டாரம், ஜிப்ரால்டர் ஜலசந்திப் பக்கம் போன்ற சில பகுதிகளில், நகர எல்லைக்கு வெளியே சொத்து வாங்க ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்கு ராணுவ அனுமதி தேவை. மாதக்கணக்கில் இழுக்கலாம். ஆர்ராஸில் எழுதும் கெடுவை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

வீட்டோடு வரும் பாக்கிகள்

அடுக்குமாடி வீடு வாங்கினால் சங்கத்துக்கு முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியில், நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் அந்த வீடே பொறுப்பு. பாக்கி இல்லை என்ற சான்றிதழை நிர்வாகியிடம் வாங்கலாம். அதோடு நின்றுவிடாதீர்கள். கடைசி இரண்டு மூன்று கூட்டங்களின் தீர்மானக் குறிப்புகளையும் கேளுங்கள். லிஃப்ட் மாற்ற, முகப்பைப் பழுதுபார்க்க என்று தனி வசூலுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருப்பார்கள். இனி வரப்போகும் தவணைகளைக் கட்ட வேண்டியது அந்தத் தேதியில் யார் உரிமையாளரோ அவர்.

விற்பவரும் ஸ்பெயினில் வசிக்காதவர் என்றால் — கடற்கரை ஊர்களில் பிரிட்டிஷ்காரரிடமிருந்தே பிரிட்டிஷ்காரர் வாங்குவது சர்வசாதாரணம் — விலையில் 3 சதவீதத்தை அவர் கட்ட வேண்டிய வரிக்காக நீங்கள் பிடித்துவைத்து, படிவம் 211-இல் ஒரு மாதத்துக்குள் ஸ்பெயின் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். 2 லட்சத்துக்கு 6,000 யூரோ. பிடிக்காமல் முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டால் விற்றவர் ஊருக்குப் போய்விடுவார். வரித்துறை அந்தப் பணத்துக்கு வீட்டின் மேல் கைவைக்கும். நில மதிப்பு உயர்வுக்கு நகராட்சி போடும் வரியும் அப்படியே. விற்பவர் கட்ட வேண்டியதுதான், ஆனால் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் நகராட்சி உங்களிடம்தான் கேட்கும். அதையும் விலையில் கழித்து வைப்பது வழக்கம்.

மொத்தக் கணக்கு

பழைய வீட்டுக்குக் கைமாற்று வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தலூசியாவில் 7 சதவீதம். வலென்சியாவில் பல ஆண்டுகளாக 10 சதவீதமாக இருந்தது. புது வீட்டுக்கு 10 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் அதன் மேல் பத்திர வரியும். வக்கீல், நோட்டாரியோ, பதிவு எல்லாம் சேர்த்து விலைக்கு மேல் 10 முதல் 13 சதவீதம் கையில் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பழைய வீட்டுக்கான வரியைக் கொடுத்த விலையை வைத்து மட்டும் கணக்கிடுவதில்லை. காதாஸ்த்ரோ நிர்ணயித்த குறிப்பு மதிப்பு அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் வரி. பேரம் பேசிக் குறைத்துவிட்டோம் என்று மகிழும் முன் அந்த மதிப்பைப் பாருங்கள்.

பவுண்டு மாற்று விகிதத்தை ஏனோ பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 2016 ஜூனில், பிரெக்சிட் வாக்கெடுப்பு நாளில், ஒரு பவுண்டுக்குச் சுமார் 1.30 யூரோ கிடைத்தது, அக்டோபரில் 1.11 பக்கம் வந்துவிட்டது. 2 லட்சம் யூரோ வீட்டுக்கு இது ஏறக்குறைய 26,000 பவுண்டு வித்தியாசம். முன்பணம் கொடுத்த நாளிலேயே மீதித் தொகைக்கு விகிதத்தை உறுதி செய்துகொள்ளும் வசதி நாணயமாற்று நிறுவனங்களிடம் உண்டு.

வீடு இருந்தால் அங்கேயே தங்கலாம் என்றில்லை

2021 முதல் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்கள் ஸ்பெயின் அடங்கிய ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். சொந்த வீடு இருப்பதால் ஒரு நாள்கூட அதிகம் கிடைக்காது. நவம்பர் முதல் மார்ச் வரை குளிருக்குத் தப்பி அங்கே இருப்போம் என்பதுதான் பலருடைய திட்டம். விசா இல்லாமல் அது நடக்காது. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் கிடைத்த தங்க விசாவை 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். வேலை செய்யாமல் வாழ்வதற்கான விசாவுக்கு 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும். முதலில் விசா கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அப்புறம் வீடு பார்ப்பதே சரி.

இல்லாத மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டலாம் என்ற கணக்கும் இப்போது ஆபத்து. 2025 ஏப்ரல் 3 முதல் அடுக்குமாடிக் கட்டடத்தில் புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்கச் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். மாநில உரிமம் தனி. மலகா நகரம் பல பகுதிகளில் புது உரிமம் தருவதையே நிறுத்திவிட்டது.

வாடகைக்கு விடாவிட்டாலும் வரி உண்டு. சும்மா பூட்டிவைத்த வீட்டுக்கும் ஒரு கற்பனை வருமானம் வைத்து, பிரிட்டனில் வசிப்பவருக்கு 24 சதவீதம் போடுகிறார்கள். காதாஸ்த்ரோ மதிப்பு 80,000 யூரோ என்றால், அதில் 1.1 சதவீதம் 880. வரி சுமார் 211 யூரோ. மதிப்பீடு பழையதாக இருந்தால் 1.1-க்குப் பதில் 2 சதவீதம். சின்னத் தொகைதான், ஆனால் கட்டச் சொல்லிக் கடிதம் வராது. அடுத்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் படிவம் 210-ஐ நீங்களே நிரப்ப வேண்டும். விற்கப் போகும்போது இந்தப் பாக்கி வெளியே வந்து, பிடித்துவைத்த 3 சதவீதத்தில் மீதி திரும்பக் கிடைப்பதைத் தடுக்கும்.

மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

ஜூலையில் பார்க்கும் ஊர் வேறு, ஜனவரியில் அதே ஊர் வேறு. கடைகள் பாதி மூடியிருக்கும், வெப்பமூட்டும் வசதி இல்லாத வடக்குப் பார்த்த வீடு ஈரம் பாய்ந்து கிடக்கும். அதைவிட முக்கியம் வெள்ளம். 2019 செப்டம்பரில் பெய்த பெருமழையில் அலிகாந்தேயின் தென்பகுதியும் முர்சியாவின் லோஸ் அல்காசரெஸும் மூழ்கின. லோஸ் அல்காசரெஸ் அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் மூழ்கியது. வறண்ட ஓடைப் பாதைகளில் கட்டிய வீதிகள் அங்கே ஏராளம். வெள்ள அபாய வரைபடத்தை ஸ்பெயின் அரசு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக் காப்பீடு கண்டிப்பாக எடுங்கள். பெருவெள்ளச் சேதத்துக்கு நட்டஈடு தரும் அரசு அமைப்பு, காப்பீட்டு பாலிசி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தருகிறது.

கடைசியாக உயில். ஸ்பெயின் சட்டத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. 2015 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய விதிப்படி, தன் சொந்த நாட்டுச் சட்டமே தன் சொத்துக்குப் பொருந்த வேண்டும் என்று பிரிட்டிஷ்காரர் உயிலில் எழுதிவைக்கலாம். பத்திரம் முடிந்த அதே வாரம், அதே நோட்டாரியோவிடம், ஸ்பெயினில் உள்ள சொத்துக்கு மட்டும் தனி உயில் எழுதிவிடலாம். பிரிட்டனில் ஏற்கெனவே எழுதிய உயிலை அது ரத்து செய்துவிடாதபடி வாசகம் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.